செம்பி என்னும் சதாவதானி

நாய் வளர்ப்போர் பலரும் சொல்லும் குறை ஒன்றுண்டு. “வீட்டுக்குள்ள சொன்னதெல்லாம் கேட்குது. வெளியில கூட்டிட்டுப் போனா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது.” இதற்குக் கவனக்குறைவு என்று பெயரிட்டுவிட்டு, அக்குறையை நீக்கும் வழியைத் தேடத் தொடங்குகிறோம். தெருவில் பிறந்து வளர்ந்த நாய் ஒன்றோடு ஈஜிபுராவின் குறுக்குத் தெருக்களில் ஓராண்டுக்கும் மேலாக, நாள்தோறும் இருவேளை நடந்துவருபவள் என்ற முறையில், அந்தப் பெயரே பொருந்தாது என்று எனக்குத் தோன்றுகிறது. நாயிடம் கவனம் குறைவாக இல்லை, மிகுதியாக இருக்கிறது. வேறுபாடு சிறியதுதான். ஆனால் கயிற்றைப் பிடித்திருக்கும் கை என்ன செய்ய வேண்டும் என்பதை இதுவே முடிவு செய்கிறது. நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் சற்று விரிவாக எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள்க.

தமிழில் அவதானம் என்றொரு கலை உண்டு. அவையோர் ஒரே வேளையில் கேட்கும் பல வினாக்களையும் நினைவில் நிறுத்தி, ஒன்றையும் தவறவிடாமல் விடை சொல்வது. எட்டு என்றால் அட்டாவதானம். நூறு என்றால் சதாவதானம். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குப் போடுவார். இடையிடையே ஒருவர் மணி அடிப்பார். இன்னொருவர் முதுகில் சிறு கல்லை எறிவார். எத்தனை மணி, எத்தனை கல் என்பதையும் இறுதியில் சொல்ல வேண்டும். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டியதை இலக்கிய மாணவர்கள் அறிவர். அன்று அவையில் ஒருவர் எழுந்து, “மற்றவற்றையெல்லாம் விட்டுவிட்டு என் கேள்வியை மட்டும் கவனியுங்கள்” என்று சொல்லியிருந்தால் அந்தக் கலையையே அவர் அறியாதவர் என்றுதான் கருதியிருப்பார்கள். நடைக்குப் போகும் நாயிடம் நாம் வைக்கும் கோரிக்கை ஏறத்தாழ அத்தகையதே.

காலை ஆறு மணிக்கு எங்கள் தெருமுனையில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிறேன். நந்தினி பால்கடை வாசலில் அடுக்கிய பெட்டிகள், இட்லி வண்டியின் ஆவி, கோழிக்கடையின் கழிவுத் தொட்டி, பின்னோக்கி வரும் தண்ணீர் லாரி, விடுதிப் பிள்ளைகளுக்கு உணவு கொண்டுவரும் இருசக்கர வண்டிகள், விவேக்நகர் குழந்தை ஏசு ஆலயத்திற்கு வியாழக்கிழமைகளில் நடந்து செல்லும் கூட்டம். இவை எனக்குத் தெரிபவை. நேற்றிரவு அவ்வழியே சென்ற ஒவ்வொரு நாயும், பூனையும், பெருச்சாளியும் விட்டுச் சென்ற மணம் நாய்க்கு மட்டும் தெரிவது. நாயின் நாசித் துளைகளின் ஓரத்தில் சிறு பிளவுகள் உள்ளன. வெளிவிடும் மூச்சு அவற்றின் வழியே பக்கவாட்டில் செல்வதால், முன்னே கிடக்கும் மணம் கலையாமல் அடுத்த மூச்சுக்குக் காத்திருக்கிறது. நமக்கு ஒரு மின்கம்பமாக நிற்பது அதற்கு அன்றைய நாளிதழ். ஒரு மனிதர் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கையில் அவர் கழுத்தைப் பிடித்து இழுப்பதில்லை.

எங்கள் நாயின் பெயர் செம்பி. செம்மண் நிறம், குத்திட்ட காதுகள், இடையில் மெலிந்து சுழன்ற வால். ஒரு காதின் நுனியில் சிறிய வெட்டு. கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுத் திருப்பி விடப்பட்ட தெருநாய்களுக்கு இடும் அடையாளம் அது. ஈஜிபுரா மேம்பாலம் 2017இல் தொடங்கி, இடையில் பல ஆண்டுகள் பணி நின்று, 2023இல் மீண்டும் தொடங்கப்பட்டது. கேந்திரிய சதன் வரை ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டருக்குச் செல்லும் பாலம். மேலே பாலமில்லாமல் நின்ற தூண்களின் அடியில் மழைக்கு ஒதுங்கவும் வெயிலுக்குப் படுக்கவும் நிழல் இருந்தது. அங்கே நாய்கள் குடிகொண்டன. பெங்களூரு மாநகராட்சியின் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரத்தின் தெருநாய்கள் ஏறத்தாழ 2.79 லட்சம். அவற்றுள் ஒன்று, 2024 ஆகஸ்ட் மாதம் பின்னங்காலில் அடிபட்டு, தேநீர்க்கடைப் பலகையின் அடியில் நான்கு நாள் படுத்திருந்தது. கால் குணமானபின் அது திரும்பிச் செல்லவில்லை, நானும் அனுப்பவில்லை.

தெருவில் இருந்தவரை செம்பிக்குக் கயிறு தேவைப்படவில்லை. நாற்சந்தியைக் கடக்க அவளுக்குத் தெரியும். வேண்டாதவரைக் கண்டால் விலகிப் போகவும் தெரியும். வீட்டுக்கு வந்தபின் இரண்டும் இல்லாமற்போயின. நாங்கள் 2025 ஜனவரியில் குடிபுகுந்த கட்டடத்தில் ஒரே படிக்கட்டு, அகலம் மூன்றடி. கீழ்த்தளத்தில் வசிக்கும் ஆட்டோ ஓட்டுநரின் மகனுக்கு எட்டு வயது. அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு தெருநாய் அவனைக் கெண்டைக்காலில் கடித்திருந்தது. தவணை தவறாமல் ஊசி போட்டு உடல் தேறிவிட்டது; ஆனால் அச்சம் போகவில்லை. படிக்கட்டில் செம்பியைக் கண்டதும் அவன் சுவரோடு ஒட்டி அசையாமல் நின்றுவிடுவான். அசையாமல் நின்று உற்றுப் பார்க்கும் உருவம் நாய்க்கு மிரட்டலாகத் தோன்றும். கயிற்றில் கட்டுண்டிருப்பதால் விலகவும் வழியில்லை. செம்பி முன்னே பாய்ந்து குரைப்பாள். பையன் அழுவான்.

வீட்டு உரிமையாளர் அம்மா மூன்று தலைமுறையாக அங்கேயே வாழ்பவர். கடுமையில்லாமல்தான் சொன்னார்: “ஏம்மா, எனக்கு நாய் மேல ஒண்ணும் கோவமில்லை. ஆனா குழந்தை பயந்து பயந்து சாகறான் பாரு. நீயே ஒரு முடிவு சொல்லு.” பையனின் தாய் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மகனைக் காலையில் பள்ளிக்கு அனுப்பும் முன் மாடியை நோக்கி, “அக்கா, நாய் உள்ள இருக்கா?” என்று கேட்பார், அவ்வளவுதான். அக்கேள்வி எனக்கு எந்தக் கண்டனத்தைவிடவும் கனமாக இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 11 அன்று தில்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து அதே பகுதியில் விடச் சொன்னதும் எங்கள் தெருவிலும் நாள் முழுதும் பேசப்பட்டன. தெருவிலிருந்து நாயை ஏற்றுக்கொள்வோர் அது மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் திருத்திய ஆணையில் இருந்தது. எனக்கு முன் இருந்த கேள்வி தெளிவானது: ஒரு குழந்தையின் அச்சத்தைப் பொருட்படுத்தாமல் நாயை வைத்திருக்க முடியாது, நாயைக் கைவிடவும் முடியாது. இரண்டுக்கும் இடையில் இருந்தது ஆறடிக் கயிறு.

கயிறு ஒரு பாதுகாப்புக் கருவி, பேச்சுக்கருவி அன்று. இரு நாய்கள் தாமாகச் சந்திக்கும்போது நேர்க்கோட்டில் நெருங்குவதில்லை. வளைந்து, பக்கவாட்டில் முகர்ந்து, தலையைத் திருப்பி, வேண்டாமென்றால் விலகிவிடும். கயிறு இந்த மரியாதைகள் அனைத்தையும் தடுத்து, நேருக்கு நேர் நிறுத்திவிடுகிறது. இழுத்தால் எதிர்த்து இழுப்பது எந்த விலங்குக்கும் இயல்பு. பிடித்திருப்பவர் பதறிக் கயிற்றை இறுக்க, எதிரே வருவது அஞ்சத்தக்கது என்ற செய்தி நாய்க்குப் போய்ச் சேர்கிறது. கழுத்துப்பட்டையில் இழுபடும் நாய்களின் கண்ணுக்குள் அழுத்தம் உயர்வதையும், மார்பைச் சுற்றி அணியும் ஹார்னஸில் அவ்வாறு உயராததையும் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. ஆகவே முதல் செலவு ஹார்னஸுக்கு ஆனது.

கழுத்தைச் சுண்டி இழுத்துத் திருத்தும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. ஆய்வு மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. ஜெர்மனியில் காவல் நாய்களைப் பயிற்றுவித்த கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய கையேடு, கட்டளை, கட்டாயம், தண்டனை என்ற வரிசையை ஒழுங்குபடுத்தியது. இரு உலகப் போர்களும் போர்நாய்ப் பயிற்சியைப் பெருக்கின. அமெரிக்காவில் வில்லியம் கோலர் 1962இல் வெளியிட்ட நூல் அதே மரபை வீட்டு நாய்களுக்குக் கொண்டுவந்தது. இதற்கு ஓர் உயிரியல் நியாயமும் கிடைத்தது. பேசல் விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்த ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதிய கட்டுரையும், அதை ஏற்று டேவிட் மெக் 1970இல் எழுதிய நூலும், கூட்டத் தலைமைக்காக ஓநாய்கள் ஓயாது போரிடும் என்ற சித்திரத்தைப் பரப்பின. பின்னர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் 1998 வரை கோடைதோறும் காட்டு ஓநாய்களோடு தங்கிய மெக், அங்கே கண்டது தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பத்தையே என்று 1999இல் எழுதித் தம் முந்தைய கருத்தைத் தாமே திருத்தினார். அவர் திருத்திக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. “நீதான் தலைவன்னு அதுக்குக் காட்டணும்” என்று அறிவுரை சொல்வோர் மட்டும் எங்கள் தெருவில் இன்றும் குறையவில்லை.

மற்றொரு மரபு ஆய்வகத்தில் பிறந்தது. தார்ன்டைக் 1898இல் பூனைகளைப் பெட்டிகளில் அடைத்துக் கண்டறிந்தது எளிய உண்மை: இன்பமான விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும். ஸ்கின்னர் 1938இல் அதை முறையான அறிவியலாக்கினார். அவருடைய மாணவர்களான கெல்லர், மேரியன் பிரெலண்ட் இணையர் விலங்குப் பயிற்சியைத் தொழிலாகவே நடத்தினர். ஹவாயில் ஓங்கில்களைப் பயிற்றுவித்த கேரன் பிரையர் 1984இல் எழுதிய நூலின் வழியே இம்முறை நாய் வளர்ப்போரிடம் பரவியது. நீந்தும் ஓங்கிலுக்குக் கயிறு கட்ட முடியாது. விரும்பாவிட்டால் அது மூழ்கிப் போய்விடும். சீழ்க்கையையும் மீனையும் தவிரப் பயிற்றுநரிடம் வேறு ஆயுதமில்லை. கயிற்றோடு நடப்பதற்கான சிறந்த பாடம், கயிறே கட்ட முடியாத உயிரிடமிருந்து வந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

ஆனால் பிரெலண்ட் இணையர் 1961இல் எழுதிய இன்னொரு கட்டுரையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காசை எடுத்துப் பெட்டிக்குள் போட ரக்கூன் ஒன்றைப் பழக்கினார்கள். அது நாளடைவில் காசுகளைப் போடாமல் கைகளுக்கிடையே தேய்த்துக்கொண்டே இருந்தது; இரையைக் கழுவித் தேய்க்கும் அதன் பிறவிப் பழக்கம் பயிற்சியை வென்றுவிட்டது. கூலி எவ்வளவு கொடுத்தாலும் உயிரின் இயல்பு மேலெழும் என்பதை அவர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். நாய்க்கு அந்த இயல்பு முகர்தல். அதைத் தடுத்து நடத்தும் பயிற்சி நீடிக்காது. அதையே கூலியாக்கினால் நீடிக்கும்.

செம்பியிடம் செய்தது இதுதான். முதல் இரு வாரம் வீட்டுக்குள் மட்டும். கையில் வேகவைத்த கோழி ஈரல், சுண்டுவிரல் நகத்தளவுத் துண்டுகள். நான் அழைப்பதில்லை, கயிற்றை அசைப்பதில்லை. அவள் தானாக என் முகத்தைப் பார்க்கும் கணத்தில் ஒரே சொல். உடனே ஒரு துண்டு. அந்தச் சொல், நீ இப்போது செய்தது சரி என்பதற்கான முத்திரை. சொல்லுக்கும் துண்டுக்கும் இடையில் நேரம் நீண்டால் எதற்காகக் கிடைத்தது என்பது நாய்க்குத் தெரியாமற்போகும். அடுத்த இரு வாரம் மொட்டை மாடி. அதன்பின் தெரு, அதுவும் ஆள் நடமாட்டம் குறைந்த விடிகாலை ஐந்தரை மணிக்கு. இடத்தை மாற்றும்போதெல்லாம் பாடத்தை எளிதாக்கித் தொடக்கத்திலிருந்து நடத்த வேண்டும். கூடத்தில் கற்றது படிக்கட்டில் தெரியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கருத்தரங்கில் சரளமாகப் பேசுபவர் வாய்மொழித் தேர்வில் திணறுவதை நாம் பார்த்ததில்லையா?

அந்த ஒரே சொல் எந்த மொழியில் இருப்பது? நம் வீடுகளில் நாள் முழுதும் தமிழிலோ கன்னடத்திலோ பேசுவோர் நாயிடம் மட்டும் ஆங்கிலத்துக்கு மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். சிட், ஸ்டே, கம், நோ. தெருநாயைத் தமிழில் விரட்டுகிறோம். வீட்டு நாய்க்கு ஆங்கிலத்தில் ஆணையிடுகிறோம். செம்பி தெருவில் வளர்ந்தவள். தேநீர்க்கடைக்காரர் ‘வா’ என்பார். பால்கடையில் ‘பா’ என்பார்கள். காய்கறி வண்டிக்காரர் ‘ரா’ என்பார். மூன்றுக்கும் அவள் போவாள். புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 18 நாய்களின் மூளைச் செயல்பாட்டைப் படமெடுத்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, பழகிய மொழியையும் பழகாத மொழியையும் நாய்மூளை வேறுபடுத்துவதாகச் சொல்கிறது. ஈஜிபுராவின் தேநீர்க்கடை நாய்களைக் கேட்டிருந்தால் எத்தனை மொழி தெரியவந்திருக்குமோ! நான் தேர்ந்த சொல் ‘ஆங்’. வயற்காட்டில் மாட்டோடு பேசிய என் பாட்டி, சரி என்பதற்குச் சொன்ன ஒலி அது. குட்டையானது, வேறு பேச்சோடு குழம்பாதது.

தெருவுக்கு வந்தபின் எல்லாம் தொலைவைப் பொறுத்தது. ஒவ்வொரு நாய்க்கும், ஒவ்வொரு அச்சத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு அப்பால் இருந்தால் பார்க்கும், காது விடைக்கும், ஆனால் ஈரலை உண்ணும். என் குரலும் கேட்கும். எல்லையைத் தாண்டி நெருங்கிவிட்டால் ஈரல் வாயிலிருந்து விழும். என் குரல் இல்லாததாகிவிடும். அந்நேரத்தில் பெயரைப் பத்து முறை கூவினால், அப்பெயர் பொருளற்ற ஓசை என்றுதான் நாய் கற்கும். செம்பிக்குப் பிற நாய்கள் என்றால் எல்லை பத்து மீட்டர். தண்ணீர் லாரி என்றால் இருபது. அந்தப் பையன் என்றால் தெருவின் முழு அகலமும் போதாமல் இருந்தது. எல்லைக்கு வெளியே நின்று, அவள் பையனைப் பார்க்கவும் விட்டு, பார்த்தபின் என்னைத் திரும்பிப் பார்க்கும்போது ‘ஆங்’. பார்க்காதே என்று தடுப்பதில்லை. பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொல் என்பதே பாடம். ஒவ்வொரு வாரமும் ஓரடி, ஈரடி நெருக்கம். சில வாரங்களில் பின்னடைவு. தீபாவளி வெடிகளுக்குப் பின் மீண்டும் மொட்டை மாடி.

கூலி எப்போதும் ஈரலாகவே இருப்பதில்லை. மின்கம்பம் தெரிந்ததும் செம்பி அதை நோக்கி இழுப்பாள். நான் நின்றுவிடுவேன், சினமில்லாமல், பேச்சில்லாமல், வேரூன்றியதுபோல். கயிறு தளர்ந்து அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்ததும் ‘ஆங்’ என்று சொல்லி, மின்கம்பத்துக்கே அழைத்துச் சென்று, வேண்டியமட்டும் முகர விடுவேன். என்னைப் பார்ப்பதன் பரிசு, அவள் விரும்பும் உலகத்துக்கான வழி. இந்த ஏற்பாட்டில் உலகத்துக்கும் எனக்கும் போட்டியில்லை. நூறு செய்திகளுக்கிடையே நானும் ஒரு செய்தியாக, அவதானியின் காதில் விழும் மணியோசைபோல, இடம்பெற்றுவிட்டால் போதும். மற்ற தொண்ணூற்றொன்பதையும் அவள் வைத்துக்கொள்ளட்டும்.

இவ்வாறு மனிதரைக் கவனிப்பது வீட்டு நாய்க்கு மட்டுமே உரியது என்று நினைப்பவர்களுக்கு, கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு செய்துவரும் ஆய்வுகளைப் பரிந்துரைப்பேன். முன்பின் அறியாத மனிதர் ஒருவர் இரு கிண்ணங்களில் ஒன்றைச் சுட்டிக்காட்டினால் இந்தியத் தெருநாய் என்ன செய்யும்? 2020இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஏறத்தாழப் பாதி நாய்கள் நெருங்கவே இல்லை. நெருங்கி வந்தவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு, சுட்டிய கிண்ணத்துக்குச் சென்றன. எவரும் பயிற்றுவிக்காத நாய்கள். அதே குழுவின் 2017ஆம் ஆண்டு ஆய்வு, அறிமுகமற்ற மனிதர் மீண்டும் மீண்டும் வரும்போது உணவு தந்தவரைவிடத் தடவிக்கொடுத்தவரிடமே தெருநாய்கள் நம்பிக்கை கொண்டதைக் காட்டியது. நெருங்காத பாதியைப் பற்றித்தான் நான் அதிகம் எண்ணுவதுண்டு. அவற்றுக்கு அறிவு குறைவு என்று எவரும் சொல்லவில்லை. மனிதரிடமிருந்து அவற்றுக்குக் கிடைத்தவை வேறாக இருந்திருக்கலாம். அஞ்சிய உயிர் கற்பதில்லை.

என் ஆய்வுக்களம் தொடக்கப்பள்ளி வகுப்பறை என்பதால் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. ‘கவனி’ என்ற சொல்லை ஒரு பாடவேளையில் எத்தனை முறை கேட்கிறோம்! கைகட்டி, முதுகு நிமிர்த்தி, கரும்பலகையை நோக்கிய கண்களைக் கவனத்தின் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். சன்னலுக்கு வெளியே பார்க்கும் குழந்தை கவனமற்ற குழந்தை. அது அங்கே எதைக் கவனிக்கிறது என்று கேட்பதற்கு நேரமிருப்பதில்லை. குழந்தை நாயன்று, வகுப்பறையில் ஈரல் துண்டுகளை வழங்குவது கல்வியும் அன்று. ஒப்புமை இவ்வளவே: கீழ்ப்படிதலைக் கவனம் என்று தவறாகப் படிக்கும் பழக்கம் இரு இடங்களிலும் ஒன்றாக இருக்கிறது. இறுகிய கயிற்றில் ஒட்டி நடக்கும் நாய் ஒழுக்கமானதாகத் தெரியும். அது நம்மைக் கவனிக்கிறதா, நம் கைக்கு அஞ்சுகிறதா என்பது கயிறு தளரும்போதுதான் தெரியவரும்.

‘கவனித்தல்’ என்ற சொல்லுக்குத் தமிழில் மற்றொரு பொருளும் உண்டு. விருந்துக்குப் போய் வந்தவர், “நல்லா கவனிச்சாங்க” என்கிறார். நோயாளியைக் கவனித்துக்கொள்கிறோம். உற்றுநோக்குவதும் பேணுவதும் ஒரே சொல்லில் அமைந்திருக்கின்றன. கஸ்தூர்பா சாலையில் உள்ள பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர்க் கல்வெட்டு இருக்கிறது. பொ.ஆ. 949ஐ ஒட்டியது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததைச் சொல்லும் அதே கல், காளி என்னும் வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு போரிட்டு, இரண்டும் மாண்டதையும் சொல்கிறது. அந்த நாயின் நினைவாகக் கல் நட்டு, நிலமும் விட்டிருக்கிறார்கள். செங்கம் பகுதியின் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கோவிவன் என்ற நாயின் பெயரைக் காத்து நிற்கிறது. இரண்டும் மனிதனுக்கு ஆற்றிய பணிக்காகப் போற்றப்பட்ட நாய்கள். செம்பி எந்தப் பணியும் ஆற்றவில்லை. பன்றியையும் கள்வரையும் எதிர்கொள்ளாமல், ஒரு குழந்தையைக் கடந்து அமைதியாகப் படியிறங்குவது மட்டுமே அவளிடம் வேண்டப்பட்டது. நகரத்தில் வாழும் நாய்க்கு இதுவே வீரம் என்று சொல்லலாம்.

பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சியில் அவனைச் சேர்ப்பது பற்றி அவன் தாயிடம் கேட்டேன். “கிட்ட வரக்கூடாது, அவ்ளோதான் அக்கா” என்றார். அதையே விதியாக வைத்துக்கொண்டோம். அவன் பூட்டிய கம்பிக் கதவுக்கு அப்பால், படியில் அமர்ந்திருப்பான். கையில் கணக்கு நோட்டு. பால்கடை வரை போய்த் திரும்பும் வழியில் செம்பி என்னை எத்தனை முறை பார்த்தாள் என்று நான் வந்து சொல்ல, அவன் கோடு போட்டுக் குறித்துக்கொள்வான். முதல் நாள் மூன்று கோடுகள். ஒரு மாதத்துக்குப் பின் பதினெட்டு. ஒரு நாள், “நான் சொன்னா பார்க்குமா அக்கா?” என்று கேட்டான். கதவுக்கு அப்பாலிருந்தே, பள்ளித் தோழர்களிடம் பேசும் கன்னடத்தில் ‘நோடு’ என்றான். செம்பி அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவன் இரண்டு கோடுகள் போட்டான். அடுத்த வாரம் கதவிலிருந்து ஈரல் துண்டை அவனே உருட்டிவிட்டான்.

செம்பி இன்றும் கோழிக்கடையருகே இழுக்கிறாள். லாரி பின்னோக்கி வந்தால் என் கால்களுக்கிடையே புகுந்துகொள்கிறாள். தன் பழைய தூண்களின் அருகே சென்றால், அங்கிருக்கும் நாய்களைவிட நான் முக்கியமானவள் என்று அவளை நம்பவைக்க எந்த ஈரலாலும் முடியவில்லை. ஆகவே அவ்வழியே நாங்கள் போவதில்லை. உரிமையாளர் அம்மா தம் கேள்வியை மீண்டும் எழுப்பவில்லை. காலையில் மாடியை நோக்கி வரும் அந்தக் குரலும் எப்போது நின்றது என்று நினைவில்லை.

அச்சமும் ஒருவகைக் கவனமே என்பதை அந்தப் பையனிடம்தான் கற்றேன். சுவரோடு ஒட்டி நின்ற நாட்களில் அவனைப்போல் செம்பியை உற்றுக் கவனித்தவர் எவருமில்லை. அவளுடைய காது, வால், மூச்சு எதையும் அவன் தவறவிட்டதில்லை. சென்ற வாரம் படிக்கட்டில் நாங்கள் இறங்கும்போது அவன் மட்டையோடு மேலே ஏறி வந்தான். மாடியிலிருந்த தோழனிடம் ஏதோ கத்திக்கொண்டே எங்களைக் கடந்து ஓடினான். செம்பி நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த படியை முகரத் தொடங்கினாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. கணக்கு நோட்டு எங்கே என்று மறுநாள் கேட்டேன். “அது எப்பவோ முடிஞ்சிருச்சு அக்கா” என்றான்.